கிளிப் மாட்ட இடமில்லாதவர்கள்

அனுப்பர்பாளையத்தில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கம்பெனி வாசலில் போய் நின்றுகொள்வேன். காண்ட்ராக்டர் மேசைமேல் நீள நோட்டு ஒன்றை விரித்து வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவர் சட்டைப்பையில் தங்க நிறக் கிளிப் போட்ட மைப்பேனா ஒன்று எப்போதும் செருகியிருக்கும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்து ஒரு டிக் போடுவார், மறுபடி பையில் செருகுவார்.

ஒருமுறை அம்மா, "செவ்வாக்கிழம ஒன்றரை ஷிப்ட்டு பாத்தேனுங்கண்ணா" என்றாள்.

"நோட்டுல ஒண்ணுன்னுதானுங்க்கா இருக்குது" என்றார் அவர்.

அதற்கு மேல் பேச்சு இல்லை. அவர் அதட்டவில்லை, மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவும் இல்லை. அந்த நோட்டில் எழுதும் பேனா யாருடைய பையில் இருந்ததோ அவர் பக்கம் கணக்கு சரியாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா அரை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்தாள்.

பல வருடம் கழித்து நான் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா ஒரு ஜப்பான் பேனா வாங்கித் தந்தார். அழகான பேனா. கிளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எங்கே மாட்டுவது? என் சுடிதாரில் பை இல்லை. அம்மாவின் புடவையில் பை இல்லை. ஊரெல்லாம் துணி தைக்கிற ஊரில், ஆண்களின் டி-ஷர்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட் வைத்து அனுப்புகிற ஊரில், எங்கள் உடம்பில் பேனா செருக இடம் இல்லை. பேனாவின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் கிளிப்பிலிருந்துதான். ஒரு பொருளைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் மனத்தில் யாரை வைத்திருந்தார்கள் என்பதை அந்தப் பொருளே சொல்லிவிடும் என்று தோன்றியது.

*

ஜப்பானின் மூன்று பெரிய பேனா நிறுவனங்களும் பத்தாண்டுக்குள் பிறந்தவை. 1911இல் ஹிரோஷிமா பகுதியில், கடற்படைத் துறைமுகமான கூரே நகரில் க்யூகொரோ சகாடா தொடங்கியது செய்லர். கப்பல் பொறியாளராக இருந்து ஆசிரியரான ர்யோசுகே நமிகியும் அவருடைய நண்பர் மசாவ் வாடாவும் 1918இல் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு பைலட் ஆனது. 1919இல் ஷுன்இச்சி நகாடா தொடங்கியது பிளாட்டினம். செய்லர் என்றால் மாலுமி. பைலட் என்றால் துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்திக் கொண்டுவருகிறவர். பேனா என்றால் கடல் கடந்து போகிற ஆண் என்ற படம் பெயரிலேயே பதிந்துவிட்டது.

ஆனால் ஜப்பானிய எழுத்தின் கதையை ஆயிரம் ஆண்டு பின்னால் போய்ப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. சீன எழுத்து ஆண்களின் கல்விக்கும் அரசாங்கத்துக்கும் உரியதாக இருந்த காலத்தில், அதிலிருந்து நெகிழ்ந்து வந்த ஹிரகானா எழுத்துக்குப் 'பெண்கை' என்றே பெயர் இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு 'கெஞ்சியின் கதை'யை எழுதியது அந்தப் பெண்கையில்தான். ஒரு மொழியின் மாபெரும் உரைநடைப் படைப்பைப் பெண் ஒருத்தி தூரிகையால் எழுதிய நாடு அது. அங்கே மேற்கிலிருந்து பேனா வந்தபோது மட்டும் அது ஆணின் பொருளாக வந்தது. பெண்ணுக்கு எழுத வராது என்பது காரணமாக இருக்க முடியாது. அலுவலகம், ரயில், வங்கி, கப்பல், ராணுவம் என்று புதிய எழுத்து நடந்த இடங்களெல்லாம் ஆண்களின் இடங்களாக இருந்தன. பேனாவும் அங்கேதான் விலைபோனது.

செய்லர் தொடங்கிய அதே 1911இல், செப்டம்பர் மாதம், ஹிராட்சுகா ராய்ச்சோவும் அவருடைய தோழிகளும் 'ஸெய்ட்டோ' என்ற இதழைத் தொடங்கினார்கள். பெண்களே எழுதிப் பெண்களே நடத்திய இதழ். காதல், கற்பு, கருக்கலைப்பு, திருமணம் என்று பேசக்கூடாததை எல்லாம் பேசியது. சில இதழ்களை அரசு தடை செய்தது. 1916இல் நின்றுபோனது. அப்போது ஜப்பானியப் பெண்கள் அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்ளவே சட்டம் தடையாக இருந்தது. அந்தத் தடை விலக 1922 வரை ஆனது. பேனாத் தொழிலின் வரலாற்று நூல்களில் 1911 ஒரு தொழிற்சாலையின் ஆண்டு. பெண்ணெழுத்தின் வரலாற்றில் 1911 ஒரு இதழின் ஆண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவர்கள் அபூர்வம்.

*

ஜப்பானியப் பேனா உலகப் புகழ் பெற்றது அதன் அரக்கு வேலையால். அன்றைய பேனாக்களின் உடல் எபோனைட் எனும் கடினமாக்கப்பட்ட ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு வெளுத்துப் பழுப்பேறும். நமிகி நிறுவனம் 1920களின் நடுவில் அதன்மேல் உருஷி என்ற இயற்கை அரக்கைப் பூசி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிறகு அந்த அரக்கின்மேல் பொன்துகள் தூவிச் சித்திரம் தீட்டும் மாகி-யே கலையைப் பேனாவுக்குக் கொண்டுவந்தது. 1930இல் லண்டனின் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அந்தப் பேனாக்கள் ஐரோப்பாவின் செல்வர்களிடம் போயின. மட்சுதா கொன்ரோகு போன்ற பெரும் கலைஞர்கள் அந்தப் பணியில் இருந்தார்கள். பின்னாளில் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று சிறப்பித்தது.

இந்தப் பேனாக்களில் எனக்கு முக்கியமாகப் படுவது சித்திரத்தைவிட அதன் ஓரத்தில் இருக்கும் சிறு கையொப்பம். செய்த கை தன் பெயரை அங்கே பொறித்தது. அந்தக் கையொப்பத்தோடுதான் பேனாவின் விலையும் உயர்ந்தது. தொழிலாளியின் பெயர் பொருளின் மதிப்பாக மாறிய இடம் அது. எல்லா உழைப்புக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. அரைத்து, கடைந்து, மெருகேற்றி, பெட்டியில் அடுக்கிய கைகளுக்குப் பெயர் இல்லை. கலை என்று அழைக்கப்படும் வேலைக்குக் கையொப்பம், உழைப்பு என்று அழைக்கப்படும் வேலைக்கு நோட்டில் ஒரு டிக். எந்த வேலையை எந்தப் பெயரால் அழைப்பது என்று முடிவு செய்கிறவர் யார் என்ற கேள்வியைப் பெண்களாகிய நாம் கேட்காமல் விடமுடியாது. நம் கோலமும் தையலும் எப்போதும் இரண்டாவது பெயரின் கீழ்தான் வந்திருக்கின்றன.

*

இனி விளம்பரத்துக்கு வருவோம். 1960களில் ஜப்பானிய நிறுவனங்கள் குட்டைப் பேனாக்களைச் செய்தன. மூடியிருக்கும்போது விரல் நீளம். மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டினால் முழுப் பேனா. அலுவலகம் போகும் ஆணின் சட்டைப்பைக்கு அளவெடுத்துச் செய்த வடிவம் அது. 1969இல் பைலட் எலிட் எஸ் என்ற அப்படியொரு பேனாவுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. ஓஹாஷி க்யோசென் என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் மரபுக் கவிதையின் தாளத்தில், பொருளே இல்லாத ஓசைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். நாடே அதைத் திருப்பிச் சொன்னது. பேனா விற்றுத் தீர்ந்தது. விளம்பர வரலாற்றில் அதை ஒரு சாதனையாகக் கொண்டாடுகிறார்கள். நகைச்சுவையாக நல்ல விளம்பரம்தான். ஆனால் அதில் வரும் மனிதர் எவ்வளவு சாவகாசமாக இருக்கிறார் என்று கவனியுங்கள். கையில் பேனா, வாயில் உளறல், முகத்தில் சிரிப்பு. எதையாவது நிரூபிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒரு பெண் பேனாவோடு திரையில் வந்து அர்த்தமில்லாமல் உளறியிருந்தால் அந்த விளம்பரம் என்ன சொல்லியிருக்கும்? அர்த்தத்தோடு எழுதிய ஸெய்ட்டோப் பெண்களுக்கே தடை வந்த நாடு அது.

பெண்களுக்கு விளம்பரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1920களில் அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் லேடி டுவோஃபோல்டு என்ற சிறிய பேனாவை விற்றது. மூடியின் உச்சியில் ஒரு வளையம் இருக்கும். நாடாவிலோ சங்கிலியிலோ கோத்துக் கழுத்தில் தொங்கவிடலாம். பெண்ணுடையில் பை இல்லை என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால் பேனாவை நகையாக்கினார்கள். 1958இல் ஷேஃபர் நிறுவனம் லேடி ஷேஃபர் வரிசையைக் கொண்டுவந்தது. உடைக்குப் பொருத்தமான ஒப்பனைப் பொருளாகவே அதை விற்றது. ஜப்பானிலும் 1970களில் பைலட் 'லேடி' என்ற பெயரிலேயே மெல்லிய, பூவேலை செய்த பேனாக்களை விற்றது. 2012இல் பிக் நிறுவனம் 'அவளுக்காக' என்று வெளிர்நிறப் பால்பாயிண்ட் பேனாக்களைக் கொண்டுவந்தபோது உலகமெங்கும் பெண்கள் கேலி செய்தார்கள். சிரிக்கும்போதே, அதற்குப் பின்னால் தொண்ணூறு ஆண்டு வழக்கம் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அழகான பேனாவை விரும்புவது குற்றமல்ல. எனக்கும் பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆணுக்கான விளம்பரம், இதைக் கொண்டு நீ என்ன செய்வாய் என்று பேசியது: ஒப்பந்தம் போடுவாய், கையெழுத்திடுவாய், பயணம் போவாய். பெண்ணுக்கான விளம்பரம், இதோடு நீ எப்படித் தெரிவாய் என்று பேசியது. ஒரே பொருள் ஒருவருக்குக் கருவி, மற்றவருக்கு அணி. பெண்ணுக்குச் சின்னப் பேனா செய்ய யோசித்தவர்களில் யாரும் பெண்ணின் துணியில் ஒரு பை வைக்க ஏன் யோசிக்கவில்லை?

*

நம் பக்கம் கதை எப்படி நடந்தது? சுதேசி இயக்கத்தின் சூட்டில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ராஜமுந்திரியில் ரத்னம் பேனா பிறந்தது. ஜே.சி. குமரப்பா வழியாக அந்தப் பேனா காந்தியிடம் போனது. 1935இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார். 1950களில் சென்னையில் பைலட் பேனாக்கள் தயாராயின. ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு, இந்தியாவில் செய்தது என்ற பெருமையோடு வீட்டுக்கு வீடு போயின. திருவள்ளூரில் எபோனைட் தண்டைக் கையால் கடைந்து செய்யும் ரங்கா பேனாக்களுக்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. சாத்தூர், சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர் பெற்றதுபோல் பேனா நிப்புக்கும் பெயர் பெற்றிருந்தது. வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் தகடு வெட்டி, வளைத்து, பிளந்து, முனை தேய்த்து எடுத்த நிப்புகள் நாடு முழுக்கப் போயின. பால்பாயிண்ட் வந்தபிறகு அந்தத் தொழில் ஒடுங்கியது. நிப்பின்மேல் கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சாத்தூரில் அதைச் செய்த கைக்கு மாகி-யே கலைஞரைப் போலக் கையொப்பமிட இடம் இல்லை.

இந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு எண்ணை வைத்துப் பாருங்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களின் எழுத்தறிவு 8.86 சதவீதம். சுதேசிப் பேனாவா, சீமைப் பேனாவா என்று நாடு வாதம் செய்துகொண்டிருந்தபோது நூற்றில் தொண்ணூறு பெண்களுக்கு எந்தப் பேனாவும் இல்லை.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர். ஐந்து வயது கடந்தவுடனே திருமணம். பள்ளிக்கூடம் போகவில்லை. தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் எழுதவில்லை, சொன்னார். தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு 115 நாவல்கள் எழுதினார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். தமிழில் நாவல் எழுதிய முன்னோடிப் பெண்களில் ஒருவருடைய முதல் படைப்பு இன்னொரு பெண்ணின் கையெழுத்தில் பிறந்தது. கதை முதலில் வந்தது, பேனா பிறகுதான் வந்தது. எந்தப் பேனா விளம்பரத்திலும் இந்த இரண்டு பெண்களின் படம் வரவில்லை. வந்திருக்க வேண்டிய படம் அதுதான்: ஒருத்தி சொல்ல, ஒருத்தி எழுதுகிறாள்.

*

மைப்பேனாவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளை நான் ஆசையோடு படிப்பேன். மை நிரப்பும் சடங்கு, நிப்பை மாற்ற அலைந்தது, சட்டைப்பையில் நீலக்கறை, அதற்கு வாங்கிய திட்டு. கடைசியில் ஒரு பெருமூச்சு: பால்பாயிண்ட் வந்தது, கையெழுத்தின் அழகு போனது. இந்தப் பெருமூச்சு எல்லோருக்கும் பொதுவானது போல எழுதப்படுகிறது. அதோடு நான் முரண்படுகிறேன்.

நீலக்கறை படியச் சட்டைப்பை வேண்டும். நிப்பு மாற்ற அலைய, கடைவீதியில் சுதந்திரமாக நடக்கும் மாலை வேண்டும். மைப்பேனா பராமரிப்பைக் கேட்கிறது: மேசை, நேரம், துணி, மைப்புட்டியை எடுத்து வைக்க ஒரு மாடம். வேலைக்குப் போகும் பெண்ணின் பையில் சாப்பாட்டுத் தூக்கோடு குலுங்கினால் எந்த மைப்பேனாவும் கக்கத்தான் செய்யும். 1980களுக்குப் பிறகு சில ரூபாய்க்குக் கிடைத்த பால்பாயிண்ட் பேனா, அதிலும் சென்னையில் தயாரான வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்ட ரெனால்ட்ஸ், பெண்களின் பைக்குள் போனது. ரவிக்கைக்குள் செருகலாம், கறைபடாது. தொலைந்தால் அழவேண்டியதில்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கி, கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் மாலையில் எழுதப் படித்தார்கள். பெருவிரல் மையை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிப் பார்த்தார்கள். அந்தக் கைகளில் பொன் நிப்பும் அரக்குச் சித்திரமும் இல்லை. கையெழுத்தின் அழகு போனது என்று ஒரு தலைமுறை ஆண்கள் வருந்திய அதே ஆண்டுகளில், ஒரு தலைமுறைப் பெண்கள் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். இதில் மலிவான பேனாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு யாரும் இரங்கல் கட்டுரையும் எழுதவில்லை, பாராட்டுக் கட்டுரையும் எழுதவில்லை.

*

அனுப்பர்பாளையத்துக்கே திரும்புகிறேன். பனியனுக்கு முன்பிருந்தே எங்கள் ஊர் பாத்திரத்துக்குப் பெயர் போனது. பித்தளைக் குடம், செம்புத் தவலை, அண்டா. பட்டறைத் தெருவில் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாத்திரக் கடையில் கல்யாணச் சீர் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். முன்பு உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டினார்கள். இப்போது பேனாவைப் போலவே பிடித்து எழுதும் சிறு மின்கருவி இருக்கிறது. என் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் அவள் பெயர் எழுத்தாக இருந்தது ஒரே ஒரு இடத்தில், அவளுடைய சீர்க்குடத்தின் கழுத்தில். அதுவும் அவளுடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு. எழுதியவர் கடைக்காரர். அதை அவளால் வாசிக்க முடியாது. வரிவடிவத்தைத் தடவிப் பார்த்துத் தன் குடம் என்று கண்டுகொள்வாள்.

மூன்று தலைமுறை, மூன்று பேனா. அம்மாயியின் பெயரை வேறொருவர் வெட்டினார். அம்மாவின் வேலையை வேறொருவர் எழுதினார். என் கையில் ஜப்பான் பேனா வந்தது, அதற்கு மாட்ட இடமில்லை. படிப்படியான முன்னேற்றம் என்று இதைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அம்மா செய்த ஒரு காரியம் விட்டுப்போகும்.

அந்த அரை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்த அன்று, வீட்டுக்கு வரும் வழியில் பெட்டிக்கடையில் நின்று ஒரு சின்னக் குறிப்புநோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் வாங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி, அடுப்பை அணைத்தபிறகு, எந்தக் கிழமை எத்தனை ஷிப்ட், எத்தனை டஜன் செக்கிங் என்று எழுதினாள். பக்கத்து வீட்டு அக்காவும் அதே கம்பெனி. அவர்களுக்கு எழுத வராது. அவர்கள் கணக்கையும் அம்மாவே எழுதினாள், அவர்கள் சொல்லச் சொல்ல. சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். காண்ட்ராக்டர் நோட்டை விரிக்கும்போது அம்மாவும் தன் நோட்டை எடுப்பாள். சண்டை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம், "நீங்க எத்தனைன்னு எழுதியிருக்கீங்க்கா?" என்று முதலில் கேட்கத் தொடங்கினார்.

அந்த நோட்டுகளில் நான்கு இப்போது என்னிடம் இருக்கின்றன. எழுத்து கோணலாக இருக்கும், சில பக்கங்களில் பேனா சரியாக எழுதாமல் வெறும் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஜப்பானிய அரக்குப் பேனாவின் ஓரத்தில் கலைஞன் போட்ட கையொப்பத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் இந்த நோட்டுகள் நினைவுக்கு வரும். என் கை இத்தனை வேலை செய்தது என்று அந்தக் கையே எழுதிவைத்தது இரண்டிலும் இருக்கிறது. ஒன்றை அருங்காட்சியகம் வாங்கும். மற்றதைப் பெண்களாகிய நாம்தான் பத்திரப்படுத்த வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, ஷிப்ட் கணக்கு. பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் படியுங்கள்.